சீனிவாசகத்தின் சுண்ணாம்பு வைத்தியம்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சீனிவாசகம் ஃபோர்மேன். நான் அவருக்குக் கீழே பெட்டி ஒட்டுகிறவன். 2007-ல் விருதுநகரில் ஏதோ கருத்தரங்கு, மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது தாவர விஞ்ஞானியாகிவிட்டார்.

அங்கே சொன்னது இவ்வளவுதான்: புழு இலையைக் கடித்தால் அந்த இடத்துச் செல்களுக்குள் கால்சியம் சட்டென்று பாயும். அதுதான் அபாயச் செய்தி. பக்கத்து இலைகளுக்கும் அது போகும். செடி புழுவுக்கு ஒவ்வாத சரக்கைத் தயார் செய்யும். மற்ற நேரத்தில் செல்லுக்குள் கால்சியத்தை மிகக் குறைவாகவே வைத்திருக்கும். இந்தக் கடைசி வாக்கியம் வந்தபோது ஃபோர்மேன் பந்தியில் இடம் பிடிக்க எழுந்துவிட்டார். நான் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

எங்களோடு திரி வேலை பார்த்த சண்முகத்தாய், இனி வெடிமருந்து வாடையே வேண்டாம் என்று வேலையை விட்டுவிட்டு, அரை ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தாள். செடியில் புழு விழுந்ததும் இவரிடமே வந்து கேட்டாள், பாவம்.

"சுண்ணாம்பு அம்புட்டும் கால்சியம் தாயி. கெட்டியாக் கரைச்சு எலை நனைய அடி, செடி உசாராயிரும்."

"கெட்டியாவா அண்ணாச்சி?"

"மருந்து தூக்கலா இருந்தாத்தானே சத்தம் தூக்கலா வரும்?"

பட்டாசுக்கு அது சரி. செடிக்குள் கால்சியம் எந்நேரமும் அபாயமணி அடித்துக்கொண்டே இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அது போகட்டும், சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்பது தினம் பத்து தரம் வெற்றிலை போடுகிறவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். ஃபோர்மேனைப் பகைத்துக்கொள்வானேன் என்று பேசாமல் பெட்டி ஒட்டினேன்.

நாலாம் நாள் வயல் கருகி நின்றது. போய்ப் பார்த்த சீனிவாசகம் அசரவில்லை.

"இதுவும் தற்காப்புதான். எலை இல்லேன்னா புழு எதைத் திங்கும்?"

திங்கட்கிழமை சண்முகத்தாய் மறுபடியும் வேலைக்குக் கம்பெனி வேனில் ஏறினாள். முன் சீட்டில் சீனிவாசகம், வீட்டுக் கத்தரிச்செடிக்கு யோசனை கேட்ட, எங்களோடு வேலை பார்க்கும் பாண்டிச்செல்விக்குக் கால்சியத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அவுக பேச்சைக் கேட்டுச் சுண்ணாம்பைக் கரைச்சிராத. எம் மிளகாயைப் போய்ப் பாரு" என்றாள் சண்முகத்தாய், வேன் முழுக்கக் கேட்கும்படி.

"சயின்ஸப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று சீறினார் அவர்.

"கடிபட்டவ நான். பக்கத்துல இருக்கவளுக்குச் சொல்ல வேண்டாமா?"

அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். சுருக்கென்று தைத்தது எனக்கு.