பனியன் பெட்டியில் எங்கள் வீடு

டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கிய சமயம். காதர்பேட்டைக் கடையொன்றில் பனியன் பெட்டிகளின் மேல் குன்னத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுப் படம் அச்சாகியிருந்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பெட்டியோடு நேரே அந்தக் கம்பெனி முதலாளியிடம் போனேன்.

“ரோட்டுல நின்னு எடுத்த போட்டோவுக்கு பர்மிஷன் எதுக்குங்க?” என்றார்.

“படத்துல இருக்கற துணிக்கொடி பின்னால பொடக்காளியில இருக்குதுங்க, ரோட்டுல இருந்து தெரியாது. உள்ள வந்துதான் எடுத்திருக்காங்க. அதுல காயறது எங்கூட்டுக்காரரு பனியனுங்க. உங்க சரக்கானு பாருங்க.”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். படத்திலிருந்த பனியனின் கழுத்தில் போட்டிக் கம்பெனியின் பச்சைப் பட்டி. அந்த வாரமே பெட்டிகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன.

பிறகு ஒருநாள் போட்டோகிராபரோடு அவரே எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, “உள்ள வரலாங்களா?” என்றார். கொடியிலிருந்த பனியனை நிதானமாக மடித்து வைத்துவிட்டு, “வாங்க” என்றேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.