நாலு மணி ஜன்னல்

கண்டி குளிர் ஊர் என்று சொல்கிறவர்களைச் சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டில் உட்கார வைக்க வேண்டும். வத்தேகம போகிற பாதையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளம்தான் எங்கள் வாடகை வீடு. தலைக்கு மேலே வெறும் கொங்கிரீட். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் அதை எங்கள் தலையில் இறக்கும். தோசைக்கல்லுக்கு அடியில் குடியிருக்கிற மாதிரி. சாப்பிட்டுப் படுக்கிற நேரத்திலும் சுவரில் கை வைக்க முடியாது.

இரண்டு பேன் இருக்கிறது. ஆனால் சுற்றவிட்டால் மீட்டரும் சேர்ந்து சுற்றுமே! இத்தனை யூனிட் வரைக்கும் ஒரு விலை, அந்தக் கோட்டைத் தாண்டினால் விலை எகிறும். அதனால் எங்கள் வீட்டில் மாதா படத்தைப் பார்ப்பதைவிட மீட்டரைப் பார்ப்பதுதான் அதிகம். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை பார்ப்பேன், படிப்பித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றாமலே இன்னொரு தடவை பார்ப்பேன். பார்த்து என்ன பிரயோசனம்? பங்குனி மாதம் கோட்டைத் தாண்டிவிட்டோம்.

பில் வந்த அன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாய்ச்சண்டை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை.

“இரவு பகலாப் பேன் சுத்தினா வேற என்ன வரும்?” என்றார்.

“அப்ப எல்லாரும் வெந்து சாவோமா?” என்று நானும் கத்தினேன்.

அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து அந்த அறையில் பேன் சுற்றவில்லை.

அப்பா போன பிறகு, போன வருஷம், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அம்மாவை நான்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிவந்தேன். ஆயுசுக்கும் மலையில் கொழுந்து பறித்தவர். வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரிதான். எதைச் சொன்னாலும் “ஒங்க வீட்டுல” என்றுதான் ஆரம்பிப்பார். “ஒங்க வீட்டுல உப்பு எங்க இருக்கு?” எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏம்மா பேன நிறுத்துனீங்க?”

“எனக்குக் காத்து ஒத்துக்காது புள்ள. மேலு வலிக்குது.”

பச்சைப் பொய். தலையணை வேர்வையில் ஊறிக் கிடக்கும். நான் போடுவேன், அவர் நிறுத்துவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த சுவிட்சோடு மல்லுக்கட்டினோமோ!

வேறு வழியாவது பார்ப்போம் என்று அலைந்தேன். மடவளையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், “தடிப்பான சீலையாப் பாத்து ஜன்னலுக்குப் போடுங்க தங்கச்சி” என்றார். போட்டோம், இருட்டுத்தான் வந்தது. மொட்டை மாடியில் ஈரச் சாக்கு விரித்தேன். குரங்குக் கூட்டம் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பலாமரத்தில் போட்டுவிட்டது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. அறைக்கும் குசினிக்கும் நடந்து நடந்தே வேர்த்துப்போனேன்.

ஒரு பின்னேரம் அம்மா குசினியில் அடுப்பு முன்னால் தலைசுற்றிச் சரிந்தார். தண்ணீர் தெளித்து, முகத்தைத் துடைத்து, கதிரையில் உட்கார வைத்தேன். தோட்டத்தில் இருக்கிற தம்பிக்கு விஷயம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன் என்றான்.

“நான் அங்கனயே இருந்துக்கிறேன் புள்ள. ஒங்க வீட்டுல என்னால ஒரு சண்ட வேணாம்” என்றார் அம்மா.

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன். “போங்க! எல்லாரும் போங்க!” வெள்ளிக்கிழமையே அம்மாவின் பை கட்டிக் கதவோரம் வந்துவிட்டது. மேலே மடித்து வைத்திருந்தது தெல்தோட்டைச் சுவெட்டர். இங்கே வந்த பிறகு ஒரு நாள்கூட அதைப் போட்டதில்லை.

சனிக்கிழமை லைன் வேலை என்று பகலெல்லாம் கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹோலில் அனத்திக்கொண்டிருந்தார். நாலு மணி ஆனது. வழக்கம்போல அம்மா ஒரு பக்கத்திலிருந்தும் நான் ஒரு பக்கத்திலிருந்தும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தோம்.

“என்ன செய்யிறியள்? இப்பதானே கொஞ்சம் காத்து வருது. ஏன் பூட்டுறியள்?” என்றார்.

நானும் அம்மாவும் ஒரே குரலில், “பனி எறங்கும்ல!” என்றோம்.

அவர் எழும்பி வந்து வெளியே எட்டிப் பார்த்தார். எதிர் மலை முழுக்க மஞ்சள் வெயில். “எங்க பனி?” என்றார். “நான் இருட்டினாப் பிறகு வாறனான், ஞாயிறெண்டா இந்நேரம் நித்திரை. நுளம்பு கடிக்குமெண்டு பூட்டுறியள் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்!”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெல்தோட்டையில் நாலு மணிக்கு லயத்துக்குள் பனி புகுந்துவிடும். சாத்த மறந்தால் தம்பிக்குச் சளி பிடிக்கும், எனக்கு அடி விழும். நான் டவுனுக்கு வந்து எத்தனையோ வருஷம், கை மட்டும் இன்னும் லயத்திலேயே இருக்கிறது. பகல் முழுக்க அனலை வா வா என்று உள்ளே கூப்பிட்டுவிட்டு, காற்றுக் குளிர்கிற நேரம் பார்த்து அதைப் போகவிடாமல் பூட்டியிருக்கிறோம். பிறகு பேனைப் போட்டு அந்த அனலையே சுற்றவிட்டு, அதற்கு பில்லும் கட்டியிருக்கிறோம். நல்ல கெட்டிக்காரிகள்!

“அட மாதாவே!” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லா ஜன்னல்களையும் திறந்தோம். கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டினோம். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. போய்ப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. மறுபடி தொட்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. பை கதவோரத்திலேயே இருந்தது. கரண்ட் வந்ததும், “பேன் போடவாம்மா?” என்று கேட்டேன். அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலில் அம்மா இல்லை. கதவோரத்தில் பையும் இல்லை. வேனுக்குக் காத்திருக்க ரோட்டுக்கு இறங்கிவிட்டாரோ? படியை நோக்கி ஓடும்போது குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது.

திறந்த ஜன்னல் பக்கத்தில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். மேலே சுவெட்டர்.

“என்னா குளிருடி, யப்பா!” என்றார். “தம்பிக்கு போன் போட்டு, வேன் வேணாம்னு சொல்லிரு.”

“பை எங்கம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“அலுமாரி மேல போட்டுட்டேன். மசமசன்னு நிக்காத. வெயில் ஏறுறதுக்குள்ள நம்ம வீட்டு ஜன்னல சாத்து.”