மூன்று மில்லிமீட்டர்

கசார்வாடியில் நெடுஞ்சாலைக்குப் பின்புறம் இருந்த ஒரு பட்டறையில் வேதநாயகி பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். இரும்பு வார்க்கும் ஆலைகளுக்கு, மணலில் அச்சு எடுப்பதற்கான மாதிரிகளை மரத்தில் செய்து கொடுக்கும் பட்டறை அது. உப்புத்தாள் தேய்க்கத்தான் சேர்ந்தாள். மிஸ்திரி வராத நாட்களில் அறுக்கவும் இழைக்கவும் அவளையே கூப்பிட்டார்கள்.

2004 ஜனவரியில், பட்டறையைத் தளேகாவுக்கு மாற்றப்போவதாக முதலாளி சொன்னார். அங்கே மேசை முன் நின்று வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் மரவேலைச் சான்றிதழ் வேண்டுமாம். ஏப்ரலுக்குள் கொண்டுவந்தால் அவளுக்கும் இடம் உண்டு.

ஔந்தில் ஒரு கூடத்தில் மரவேலை வகுப்பு நடந்தது. அதன் ஃபாரத்தை மகள் லீலா படித்துச் சொன்னாள்.

"மூணு லெவல் இருக்கும்மா. பிகினர் ஆறு மாசம். செகண்ட் லெவல் ரெண்டே மாசம், ஆனா டெஸ்ட் வெச்சுத்தான் எடுப்பாங்க. தேர்ட் லெவல் கார்விங், அது நமக்கு வேணாம். எதுல டிக் பண்ண?"

கணவர் ஜம்பு கட்டிலில் புரண்டு படுத்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முதுகு போய் வீட்டோடு கிடக்கும் மனிதர். "ஏழாங்கிளாஸோட நின்னவ. அவளை முதல்லருந்தே ஆரம்பிக்கச் சொல்லு."

"பள்ளிக்கூடத்துலதான் நின்னேன்" என்றாள் வேதநாயகி, அரிசியில் கல் பொறுக்கியபடி. "ரெண்டாவதுல போடு லீலா."

"ஃபெயில் ஆனா அப்பா ஒரு மாசம் பேசுவாரு, பாத்துக்க."

"இப்ப மட்டும் சும்மாவா இருக்காரு?"

சோதனைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவள் ஒருத்திதான் பெண். பழகின கருவிகளையே கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்ததால், பட்டறையிலிருந்து தன் உளியையும் ரம்பத்தையும் ஸ்கேலையும் துணிப்பையில் எடுத்துவந்திருந்தாள். முந்நூறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு இழுப்பறை செய்ய வேண்டும். ஆசிரியரின் மேசையில் தயாராக இருக்கும் பெட்டிக்குள் அது போக வேண்டும். முன்னாலேயே போய் வைத்துப் பார்க்கக் கூடாது.

எல்லோருக்கும் முன்பு அவள் முடித்தாள். மூலைகளைத் தடவிப் பார்த்த ஆசிரியர் தலையை ஆட்டினார். பிறகு பெட்டிக்குள் தள்ளினார். போகவில்லை. தன் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"மூன்று மில்லிமீட்டர் அதிகம். கைவேலை நன்றாக இருக்கிறது அம்மா. அளக்கத்தான் தெரியவில்லை" என்றார் இந்தியில்.

அவருடைய ஸ்கேலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடாக மாதிரிகளைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதனால் அவர்கள் பட்டறையின் ஸ்கேல்களில் கோடுகளையே விலக்கிப் போட்டிருப்பார்கள். நூறு என்று காட்டுவது நூற்றொன்று இருக்கும். பன்னிரண்டு வருடமாக அவள் கையில் வேறு ஸ்கேல் இருந்ததில்லை. வீட்டு மரச் சாமானுக்கு அது ஆகாது என்ற நினைப்பே வரவில்லை.

சொல்லியிருக்கலாம். இந்தியில் எங்கே தொடங்குவது என்று யோசித்தாள். பின்னால் நின்றவன் தன் இழுப்பறையோடு முன்னே வந்துவிட்டான். "ஜி சார்" என்று மட்டும் சொல்லி நகர்ந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்ட லீலா தட்டைத் தள்ளி வைத்தாள். "இதை அங்கயே சொல்றதுக்கென்ன? நாளைக்கு நான் வந்து பேசறேன்."

"நீ பேசி நான் உக்காரணுமா? எட்டுப் பேருக்கு முன்னாடி தப்பு பண்ணது பண்ணதுதான்."

ஜம்பு தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நான்கு நாள் கழித்து லீலா அவளுக்குத் தெரியாமல் போய்ப் பேசினாள். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டாராம். அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு ஸ்கேல் கொடுத்துச் செய்யச் சொல்லியிருப்பேன் என்றாராம். இரண்டாம் நிலையில் இடம் நிரம்பிவிட்டது. அடுத்த வகுப்பு ஜூலையில்.

ஏப்ரல் கடைசியில் பட்டறைச் சாமான்கள் லாரியில் ஏறின. வேதநாயகி, சோதனை இல்லாமல் அந்த வாரம் தொடங்கிய முதல் நிலை வகுப்பில் இருந்தாள். ரம்பத்தை எப்படிப் பிடிப்பது என்று அன்று சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற, வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி அவள் கையைப் பார்த்து, "முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று இந்தியில் கேட்டாள்.

"கொஞ்சம்" என்றாள் வேதநாயகி.