கிளிப்பச்சை தெரிந்தால் மெதுவாக

லண்டனில் சட்டன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து மிட்சம் என்ற இடத்துக்குப் போய், அங்கே ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். என் கணவர் பஸ் ஓட்டினார். இரண்டு பேரும் யாழ்ப்பாணம்தான், ஆனால் கடலோடு பழகியவர்கள் இல்லை. அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, டிப்போவில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் அவரைப் பாய்மரப் படகு ஓட்டவென்று ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனார். அன்று நனைந்து நடுங்கிக்கொண்டு வீடு வந்தவர் அடுத்த ஞாயிறும் போனார். பிறகு பூசை முடிந்த கையோடு நானும் போகத் தொடங்கினேன், பிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு கரையில் உட்கார்ந்திருக்க. எனக்கு நீந்தத் தெரியாது.

மூன்று கோடைகாலம் கழித்து, கையில் படகு ஓட்டும் சான்றிதழோடு வந்து கேட்டார்.

"மாலைதீவுக்குப் போவமே? அங்கை சின்னப் படகொண்டு வாடகைக்கு எடுக்கலாமாம். நாங்கள் ரெண்டு பேர் மட்டும்."

"நான் வந்து என்ன செய்யிறது?"

"நீர் வந்து இரும். அது காணும்."

எட்டு நாள் பயணம். படகுக்குச் சொந்தக்காரர் முதல் நாள் மட்டும் எங்களோடு வந்தார். அங்கே தீவுகள் வளையம் வளையமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வளையத்தையும் பவளப் பாறை சுற்றி நிற்கிறது, நடுவில் அங்கங்கே வாசல் மாதிரி இடைவெளி. பின்னால் இருந்து சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் தெரியாது, ஒருவர் முன் அணியத்தில் நின்று நிறம் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். காலை பத்துக்கு முன் புறப்படக்கூடாது, மூன்றுக்குள் நங்கூரம் போட்டுவிடவேண்டும். வெயில் உச்சியில் இருந்தால்தான் தண்ணீருக்குள் தெரியும் என்றும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் தனியே. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி முன்னால் நின்றேன்.

"என்ன நிறம்?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

"மயில்கழுத்து! இடப்பக்கம் கிளிப்பச்சை வருது!"

"என்னப்பா சொல்லுறீர்? ஆழமோ, ஆழமில்லையோ?"

அவருக்கு உலகத்தில் ஒரு நீலமும் ஒரு பச்சையும்தான். நானோ, நிறம் அரை மாற்றுக் கூடினாலும் புடவையைத் திருப்பிக் கொண்டுவரும் பெண்களோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டியவள். அன்று நங்கூரம் போட்டதும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கருநீலம் என்றால் பயமில்லை. மயில்கழுத்து என்றால் போகலாம். கிளிப்பச்சை என்றால் அடியில் மணல், மெதுவாக. கோப்பி நிறம் என்றால் பாறை, உடனே திருப்பவேண்டும். பாடசாலைப் பிள்ளை மாதிரி விரல் மடக்கிப் பாடமாக்கினார்.

மூன்றாம் நாள் நான் "கோப்பி, கோப்பி" என்று அலற, அவர் திருப்பிய வேகத்தில் சோற்றுப் பானை கவிழ்ந்தது. பார்த்தால் அந்தக் கோப்பி நிறம் எங்களைத் தாண்டி மெல்ல நகர்ந்து போனது. மேகத்தின் நிழல். கொட்டிய சோற்றை அள்ளியபடி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தோம் என்று எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு வளையத்தை விட்டு அடுத்ததற்குத் திறந்த கடலில் போனோம். நான்கு மணிநேரம் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு தரம் சத்தி எடுத்தேன். அடுத்த வளையத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்த நேரம் பார்த்து மேகம் சூரியனை மூடியது. மயில்கழுத்து, கிளிப்பச்சை எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டன.

"சொல்லும், என்ன தெரியுது?"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை!"

"மூண்டு மணியாகப் போகுது. உள்ளுக்குப் போயிடுவம்."

"ஏலாது! திருப்புங்கோ!"

முப்பது வருடத்தில் நான் அவரை அப்படி அதட்டியதில்லை. ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் உடனே சுக்கானைத் திருப்பினார். ஒரு மணிநேரம் வெளியே அலையில் சுற்றினோம். மேகம் விலகி, கொஞ்சமே சாய்ந்த வெயில் வந்தபோது, அந்த வாசல் முழுக்கக் கருநீலமாக, ஒரு பாறையும் இல்லாமல் அகலமாகக் கிடந்தது. நேராகவே போயிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுக்கேன் அழுறீர்?" என்றார். "தெரியாட்டித் தெரியேல்லை எண்டுதானே சொல்லவேணும். நீர் சொன்னது சரி."

இப்போது அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஆகிவிட்டது. சின்னப் படகில் குந்தி எழும்ப ஏலாது. ஏரிக்குப் போவதையும் விட்டுவிட்டார். எனக்குக் கடலைவிட அதிகமாக நினைவில் வருவது, நங்கூரம் போட்ட பிறகு இருந்த அந்தச் சும்மா நேரம்தான். பாயைச் சுருட்டிக் கட்டினால் செய்வதற்கு வேறொன்றும் இருக்காது. சோற்றில் டின்மீனைப் பிசைந்து ஒரே சட்டியில் சாப்பிடுவோம். இங்கே அவருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு நேரம். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டித்தான் பாதிக் குடும்பம் நடத்தினோம். படகில் ஒரு பின்னேரம், லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வேலை தேடி நடந்து நடந்து ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுததை அவர் சொன்னார். அது எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

அவர் சட்டியில் ஒட்டியிருந்த கடைசிச் சோற்றை வழித்து என் பக்கம் தள்ளினார்.

"சொல்லத்தான் இருந்தனான். நீர் வேலையால வர, நான் வெளிக்கிடுற நேரமாயிடும்."