பேனரம்மாவின் முதல் ‘ங’

மூன்றாம் மாடிக் கைப்பிடியில் நாலு கிளிப்பைப் போட்டு ஒரு மஞ்சள் துணியைத் தொங்கவிட்டுவிட்டு, பேனரம்மா படிகளில் தடதடவென்று இறங்கி வருகிறார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு நொடி நின்று, கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறார். தரைக்கு வந்ததும் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டு கண்ணைச் சுருக்குகிறார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் உள்ளே நுழைந்தால், மாட்டிக்கொண்டார்.

“அண்ணே, அத ஒரு தடவ படிங்க.”

“எத?”

“மேல பாருங்க. யோசிக்காம சட்டுன்னு படிங்க.”

“மிதி... மிதிவண்டி மனை.”

“மிதின்னு ஏன் நின்னுட்டீங்க?”

“தொண்டைல சளிம்மா.”

பேனரம்மா அதை நம்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ‘தி’ பிரிக்கப்பட்டு, அரை விரல் தள்ளி மறுபடி தைக்கப்பட்டது. தபால்காரர் ஒரு வாரம் பின்வாசல் வழியாக வந்துபோனார்.

கடைகளுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கும் துணியில் பேனர் செய்து கொடுப்பது இவருடைய தொழில். அச்சு கிடையாது, வண்ணம் பூசுவதும் கிடையாது. ஒரு துணியில் எழுத்தை வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பார். முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை எல்லாம் அவர் ஒருவர்தான். பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்ட நீள மேசை ஒன்றுதான் பட்டறை. அதில் ஒரு கதவுக்குக் கைப்பிடி இன்னும் இருக்கிறது. கத்திரிக்கோலை அதில்தான் மாட்டிவைக்கிறார். சுவர் ஓரம் துணிச் சுருள்கள், வரிசையில் நிற்கிற ஆட்களைப் போல. நான் அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரன். கிழிந்த தலையணை உறை, பொத்தான் போன சட்டை என்று ஏதாவது ஒரு சாக்கோடு மேலே போய் உட்கார்ந்துகொள்வேன். இப்போது என் வீட்டில் கிழிந்த துணியே இல்லை. சாக்கு இல்லாமலே போகிறேன்.

முதலில் எனக்குப் புரியாதது, அவர் எழுத்தை வரைந்துகொள்வதில்லை என்பது. வாடிக்கையாளர் கடைப்பெயரைத் தாளில் எழுதி நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்.

“எழுதித் தராதீங்க, சொல்லுங்க. மூணு தடவ.”

வந்தவர் கூச்சத்தோடு சொல்வார். முதல் தடவை மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது தடவை முணுமுணுப்பாகப் போகும். மூன்றாவதுதான் தன் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி வரும். அப்போது பேனரம்மா கத்திரியை எடுப்பார்.

“எதுக்கு இது?” என்று கேட்டேன்.

“பேரச் சொல்றப்போ எந்த எழுத்துல அழுத்துறாங்கன்னு பாப்பேன் சார். அந்த எழுத்த ஒரு நூல் பெருசா வெட்டுவேன். யாருக்கும் தெரியாது. ஆனா கடைக்காரர் மட்டும் ‘என்னமோ சரியா இருக்கும்மா’ன்னுட்டுப் போவாரு.”

சந்தேகப்பட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ‘மிதிவண்டி மனை’யில் ‘வ’ ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிதாகத்தான் இருந்தது.

நிறத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பல் மருத்துவர் ஒருவர் சிவப்புத் துணி கேட்டு வந்தார். “டாக்டர், நீங்க படிச்சவங்க. பல்லு வலியோட வர்றவன் வாசல்ல செகப்பப் பாத்தா என்ன நெனைப்பான்? அப்படியே யூ-டர்ன் போட்டுடுவான்” என்று சொல்லி வெளிர்பச்சையைத் தலையில் கட்டி அனுப்பினார். புள்ளி என்றால் இன்னும் கறார். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் மூன்று சுற்றுத் தைப்பார். ‘கண் மருத்துவம்’ என்று தைத்துக் கொடுத்த பேனரில் புள்ளி உதிர்ந்து ‘கண மருத்துவம்’ ஆகிவிட, ஒரு கணத்தில் வைத்தியம் முடிந்துவிடுமா என்று நாலு பேர் உள்ளே போய் விசாரித்தார்களாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. “ஊர்ல இருக்கிற எல்லாரையும் நான் மேல ஏத்தி கீழ எறக்குறேன். எம் பொண்டாட்டி மட்டும் படியில ஓடுறா. வெளிய சொன்னா என் வேலை போயிடும்” என்பார். பேனர் மாட்டுகிற நாளில் ஏணியைப் பிடிப்பது அவர் பொறுப்பு.

இப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பேனரம்மாவின் கை தயங்கி நின்றதைப் பார்க்கிற நாளும் வந்தது.

ஒரு மத்தியானம், சுருட்டிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கை வரை மடித்துவிட்ட கை, சொரசொரத்த விரல்கள். கையால் சோப்பு செய்து விற்பவர். அவரும் அவருடைய தங்கையும் சேர்ந்து நடத்திய கடையின் பெயரே ‘அக்கா தங்கை’. சுருளை மேசைமேல் விரித்தார். மேல் வரியில் ‘அக்கா’, கீழ் வரியில் ‘தங்கை’. நீலத் துணி, பால்வெள்ளை எழுத்து.

“கீழ் வரியப் பிரிச்சு எடுத்துடும்மா.”

“ஏங்க்கா? கிழிஞ்சிடுச்சா?”

“அவ போயிட்டா. ரெண்டு தெரு தள்ளித் தனியாக் கடை போட்டுட்டா. சோப்பு அச்சுல பாதிய எடுத்துட்டுப் போயிருக்கா, ஒரு வார்த்தை சொல்லல.”

சண்டை வாசனையைப் பற்றியதாம். அக்கா சோப்பில் எண்ணெயும் காரமும் தவிர வேறெதுவும் சேர்க்கமாட்டார். தங்கைக்கோ வாசனை இல்லாத சோப்பு சோப்பே இல்லை. ஆறு வருஷம் இருவரும் வாயால் போட்ட சண்டை, ஒரு காலையில் கால் முளைத்து வெளியேறிவிட்டது.

பேனரம்மா கத்திரியை எடுக்கவில்லை. துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முன்பு பிளெக்ஸ் அடிக்கிற கடை ஒன்றில் பதினொரு வருஷம் கணினியில் எழுத்துக் கோத்தவர். வேலையை விட்டுவிட்டு இந்த மேசையைப் போட்டபின் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. முதலில் படியேறி வந்தது இந்த அக்காவும் தங்கையும்தான்.

“இது நான் மொதமொத வெட்டின ‘ங’ சார்” என்றார் என் பக்கம் திரும்பி. “எல்லாப் பக்கமும் மூலை. மூலைல துணி பிசிறிடும். மூணு ‘ங’ குப்பைக்குப் போச்சு, இது நாலாவது.” பிறகு அந்த அம்மாளிடம், “அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிரிச்சாலும் இந்த வரி போகாது” என்றார்.

“தைச்சதப் பிரிச்சா ஏன் போகாது?”

“உங்க கடை மேற்கு பாத்தது. ஆறு வருஷ வெயில்ல துணி வெளுத்துருக்கு. எழுத்துக்கு அடில வெயில் படல. எடுத்தா அந்த எடம் மட்டும் புதுசா நிக்கும்.”

“நீ பிரி.”

பிரித்தார். ஒவ்வொரு தையலாக ஊசிமுனையால் தூக்கி, நறுக்கி, இழுத்து. அந்த அம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தொடக்க காலத்துத் தையல் அது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓட்டியிருந்தது. ‘த’ வருவதற்கே அரை மணி ஆயிற்று. நடுவில் ஒரு தடவை, “ஊசியக் கொடு, நானே பிரிக்கிறேன்” என்று அந்த அம்மாள் கையை நீட்டினார். பேனரம்மா கொடுக்கவில்லை.

கடைசி எழுத்து வந்தபோது நானும் எழுந்து நின்று பார்த்தேன். வெளுத்த துணியில் ‘தங்கை’ கருநீலமாக, வாங்கிய அன்றைய நிறத்தில், ‘அக்கா’வைவிடப் பளிச்சென்று நின்றது.

அந்த அம்மாள், “சரி, இது வேண்டாம். புதுத் துணில வெறும் ‘அக்கா’ன்னு போட்டுடு” என்றார்.

“போட்டுடலாம். வழக்கப்படி மூணு தடவ சொல்லுங்க.”

“என்னத்த?”

“பேர.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு எரிச்சலோடு, “என்னை நானே எப்படிம்மா அக்கான்னு கூப்பிடுறது? அது அவ கூப்பிடுறதுல்ல” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கவேண்டும். எழுந்து, துணியையும் எழுத்துகளையும் அப்படியே போட்டுவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

பத்து நாள் அந்தத் துணி, பிரித்த எழுத்துகளோடு, மேசையின் ஒரு மூலையில் கிடந்தது. பேனரம்மா அதை மடிக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. பதினோராம் நாள் தங்கை வந்தார். தன் கடைக்கு ஒரு பேனர் வேண்டுமாம். உள்ளே வந்தவர் துணியைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்துவிட்டார். கருநீல ‘ங’வின் ஓரத்தில் ஒரு விரலை ஓட்டினார்.

“அவளே பிரிக்கச் சொன்னாளா?”

“ஆமாங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்தாங்க.”

“அழுதாளா?”

“இல்ல. நானே பிரிக்கிறேன், ஊசியக் கொடுன்னாங்க. நான் கொடுக்கல.”

“அந்த எழுத்த எனக்குக் கொடுத்துடுங்க” என்றார் தங்கை.

அப்படிக் கொடுக்கலாமா கூடாதா என்பது பேனரம்மாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் தொலைபேசியை எடுத்தார். தங்கையின் எதிரிலேயே, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசினார்.

“அக்கா, தங்கச்சி வந்திருக்காங்க. அவங்க எழுத்தக் கேக்குறாங்க. கொடுக்கவா?”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம். பிறகு குரல் வந்தது.

“என்னைக் கேக்கணும்னு அவ சொன்னாளா, நீயாக் கேக்குறியா?”

“நானாத்தான் கேக்குறேன்.”

“கொடு. மடிச்சுடாதே, தட்டையா வெச்சுக் கொடு. மடிச்சா ஓரம் கெட்டுடும்.”

தங்கை எழுத்துகளை ஓர் அட்டையின்மேல் பரப்பி, இரண்டு கையாலும் தட்டைப் போல் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். பேனர் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை.

அக்கா மூன்று வாரம் கழித்து வந்தார். உட்காரும் முன்பே, “நுரை” என்றார். இன்னும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனரம்மா காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். “புள்ளியே இல்லக்கா! உதிர்ந்து விழ ஒண்ணுமே இல்ல!” என்று கூவினார். இந்தத் தடவை எந்த எழுத்தைப் பெரிதாக வெட்டினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். தைத்து முடிக்க ஆன மூன்று நாளும் மேசையைச் சுற்றி யாரையும் நெருங்கவிடவில்லை.

மாட்டுகிற நாளில் அக்காவின் கடைக்கு நானும் போனேன். காலை பத்து மணி, லேசான காற்று. கணவர் ஏணியைப் பிடித்திருந்தார். பேனரம்மா உச்சிப்படியில், வாய் நிறைய ஊசிகளோடு. மேல் கம்பி மாட்டியாகிவிட்டது. கீழ்ப்பக்கம் இரண்டு கயிறு. ஒன்றை அக்கா பிடித்திருந்தார். இன்னொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, துணியும் கூடவே படபடத்தது. அப்போதுதான் கவனித்தேன். எதிர்ச்சாரியில், ஒரு மரத்தை ஒட்டி, தங்கை நின்றுகொண்டிருந்தார். வந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. அக்காவும் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்தா, அந்தக் கயித்த இப்படி வீசு, நான் பிடிக்கிறேன்” என்று கணவர் ஒரு கையை நீட்டினார். நான்கூட ஓர் அடி முன்னால் வைத்தேன்.

வாயில் ஊசி இருந்ததால் பேனரம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்த கயிற்றை எட்டிப் பிடித்தார். கணவர் கைக்கு எட்டாமல் அதைத் தூக்கிக்கொண்டு, ஏணியிலிருந்து உடம்பைச் சாய்த்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்து நீட்டினார். தங்கை சாலையைக் கடந்து வரும்வரை அந்தக் கையை மடக்கவே இல்லை.