எஸ்தர் டீச்சருக்குப் பக்கத்தில்

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று குறையும் சொல்லிவிட்டுப் போனவருக்கு, கல்லறை தயாராக இருந்தது.

கற்பனை இல்லை. கருங்கல்லில் பெயர் பொறித்தாகிவிட்டது. பிறந்த தேதி பொறித்தாகிவிட்டது. மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஞானமுத்து சார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் — இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும், சலித்தும் போயிருக்கும். இரண்டு பேருக்கும் வேங்கிக்காலில் ஒரே தெரு. அவர் கிறிஸ்தவர். நான் எதிலும் சேராத இந்து. கோயிலுக்குப் போவேன், வரிசை நீளமாக இருந்தால் திரும்பிவிடுவேன்.

அவர் மனைவி எஸ்தர் டீச்சர் சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். அப்போது சார் ஒரு காரியம் செய்தார். அவர்கள் சபையில் அது வழக்கம்தான். ஒரு குழிக்குப் பதிலாக இரண்டு குழி. நடுவில் செங்கல் சுவர். ஒரு பக்கம் டீச்சர். மறுபக்கம் காலி. மேலே மூடுகல். தலைமாட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டம். தன்னுடைய மூடுகல்லின் மேல் தானே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிற மனைவியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வருவார். 

“என்ன சார், பிளாட்டைப் பாத்துட்டு வந்தீங்களா?” என்பேன்.

“பாத்தேன் சார். ஆக்கிரமிப்பு எதுவும் இல்ல” என்பார்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலையில், சார் வீட்டு வராந்தாவில் பேப்பரைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் சபைப் போதகர் வந்தார். கூட ஒரு பெண் வந்தது. அது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

போதகர் உட்காரவில்லை.

“லில்லியம்மா விடியக்காலையில தவறிட்டாங்க சார். அது அவங்க பொண்ணு, ஷீபா.”

லில்லியம்மாவை ஊரில் பலருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்றவர். கணவர் எப்போதோ விட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் இந்தச் சபையில் சேர்ந்தார். பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே அண்ணன்மார்களுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மதம் மாறிப் போனவளுக்கு எங்கள் சுடுகாட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சாவுக்கு வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

“நம்ம தோட்டத்துல வைக்கலாம்னா... உங்களுக்கே தெரியும். ஒரு அடி இடம் இல்ல. பழைய குடும்பக் கல்லறை இருக்கிறவங்க அதையே திறந்து வெச்சிக்கிறாங்க. இவங்களுக்கு அதுவும் கிடையாது.”

“புது இடம் கேட்டு எழுதியிருந்தீங்களே?” என்றேன் நான்.

“இன்னும் ஆர்டர் வரல சார்.”

இப்போதைக்கு வராது. ஒரு இடுகாட்டுக்கு அனுமதி என்றால் தண்டோரா, ஆட்சேபம், விசாரணை, மறு ஆட்சேபம்... உயிரோடு இருப்பவர்களுக்கான நடைமுறை அது. செத்தவர்களுக்கு அவ்வளவு நாள் தாங்காது.

போதகர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். தோட்டத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு குழி. அது யாருடையது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தற்காலிகமாத்தான் சார். அப்புறமா ஒரு ஏற்பாடு...”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “அப்புறம் எப்படிங்க ஐயா? மூடின குழியை நெனச்சப்போ திறக்கிறதுக்கு அது என்ன பீரோவா? பல வருஷம் தொடக் கூடாது. முன்னாடியே திறக்கணும்னா ரெவின்யூ ஆர்.டி.ஓ. உத்தரவு, போலீஸ், டாக்டர், தாசில்தார்னு அத்தனை பேரும் வந்து நிக்கணும். அதுவரைக்கும் இவரைச் சாகாம இருக்கச் சொல்றீங்களா?”

நான் சும்மா சொல்லவில்லை. புதைத்த உடலைத் தோண்டி எடுக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியவர் தாசில்தார். உட்கார்ந்திருக்கிறேன், மூக்கில் கர்ச்சீப்போடு. எந்தக் குழியும் என்னை ஏமாற்றியதில்லை. எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள்.

போதகர் என்னைப் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்தார். சார் பேப்பரை மடித்தார். மறுபடியும் மடித்தார்.

“முடியாதுங்க ஐயா. வேற எது வேணும்னாலும் கேளுங்க.”

கேட்டுக்கு வெளியே நின்ற பெண்ணுக்குக் கேட்டிருக்கும். அழவில்லை. போதகர் வருவதற்குள் அதுவே நடக்க ஆரம்பித்துவிட்டது.

“சரியாத்தான் சொன்னீங்க” என்றேன். “ரூல் உங்க பக்கம்.”

சார் மடித்த பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். ரூல் தன் பக்கம் இருப்பதில் எல்லோருக்கும் சந்தோஷம் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு.

ஈஸ்டர் தேதியே பௌர்ணமியை வைத்துத்தான் முடிவாகிறது. அதனால் எங்கள் ஊரில் பெரிய வெள்ளியும் கிரிவலக் கூட்டமும் அநேகமாக ஒரே வாரத்தில் வந்து முட்டிக்கொள்ளும். இந்த வருடமும் அப்படித்தான். எங்கு பார்த்தாலும் பஸ், தடுப்பு, ஒருவழிப்பாதை. சாருக்குக் கண்ணில் புரை. அந்தக் கூட்டத்தில் அவரை வண்டி ஓட்ட விட முடியுமா? வெள்ளிக்கிழமை நான்தான் ஸ்கூட்டரில் உட்கார வைத்து சர்ச்சுக்குக் கூட்டிப் போனேன். வெளியே வெயில் கொளுத்தியது. நானும் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்விசிறி இருந்தது.

மூன்று மணி நேர ஆராதனை. கடைசியில், சிலுவையிலிருந்து இறக்கி அடக்கம் செய்த பகுதியை வாசித்தார்கள். முன்பும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் உற்றுக் கேட்டேன்.

அசந்துபோனேன். அத்தனையும் நடைமுறை!

அரிமத்தியா ஊர் யோசேப்பு என்று ஒரு பெரிய மனிதர். ஆலோசனைச் சபை உறுப்பினர். ஆளுநர் பிலாத்துவிடம் நேரில் போய் உடலைக் கேட்கிறார். ஆளுநர் உடனே கொடுத்துவிடவில்லை. ஆள் நிஜமாகவே இறந்துவிட்டாரா என்று சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். உறுதியான பிறகு ஒப்படைக்கிறார். அடக்கம் ஆகிறது. கல் புரட்டி மூடுகிறார்கள். மறுநாள் முத்திரை. காவல். நான் அங்கே தாசில்தாராக இருந்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

இவ்வளவும் செய்து, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை! பொறுப்பில் இருந்தவன் பிழைப்பை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு அன்றுவரை உறைத்ததில்லை. அந்தக் கல்லறை இயேசுவுடையது இல்லை. யோசேப்பு தனக்கென்று பாறையில் வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறை. இரவல் இடம். உலகம் முழுக்க இத்தனை பேர் கொண்டாடுகிற காலிக் கல்லறை, இன்னொருவர் விட்டுக்கொடுத்தது.

எனக்கே உறைத்தது என்றால் ஞானமுத்து சாருக்கு உறைத்திருக்காதா? முன் வரிசையில் அவர் முதுகு அசையவே இல்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லி அந்தப் பாரத்தை இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருப்பது கிண்டல் ஒன்றுதான்.

“சார், அந்த யோசேப்பை நெனச்சு மனசைக் குழப்பிக்காதீங்க. அவருக்கு மூணாம் நாளே காலி பண்ணிக் குடுத்துட்டாங்க. இடம் திரும்பி வந்துடுச்சு. லில்லியம்மா ஞாயித்துக்கிழமை எழுந்து போயிடுவாங்களா?”

சார் சிரிக்கவில்லை. பின் சீட்டில் ஏறவும் இல்லை.

“குடுக்கும்போது அது அவருக்குத் தெரியாதே சார்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை யோசேப்பின் கையில் இருந்தது ஒரு பிணம். அவ்வளவுதான். திரும்பி வரும் என்று எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது தெரிந்துவிட்ட நமக்கு அந்த மனிதர் செய்தது சின்ன உபகாரம் மாதிரி தெரிகிறது.

“அந்தப் பொண்ணு வீடு எங்கன்னு தெரியுமா சார்?” என்றார்.

தெரியாது. விசாரித்துக்கொண்டு போனோம். ஒற்றை அறை வீடு. பாதி அறையை ஃப்ரீசர் பாக்ஸ் அடைத்திருந்தது. வீட்டு ஓனர் வாசலிலேயே நின்றுகொண்டு எங்களைக் கேட்டார், “எடுக்கிறதுக்குத்தானே வந்திருக்கீங்க?”

“ஆமா” என்றார் சார். “நாளைக்குக் காலையில.”

ஷீபா எழுந்து நின்றது. “அங்கிள், நீங்க நேத்து...”

“நேத்து சொன்னது நேத்து. நீ சாப்டியாம்மா?”

அது இல்லையென்று தலையாட்டியது. அப்போதுதான் அழுதது.

சனிக்கிழமை சவ வண்டி கிளம்பத் தாமதமாகிவிட்டது. கிரிவலம் முடித்துத் திரும்புகிற பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்களும் பின்னால் ஸ்கூட்டரில் நின்றோம். பஸ் ஜன்னல்களில் தூங்கி வழிகிற முகங்கள். இனிப் பிறவியே வேண்டாம் என்று கேட்பதற்காக விடிய விடிய மலையைச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, மறுபடி எழுந்திருக்கப் போகிற நம்பிக்கையில் படுக்கப் போகிற ஓர் அம்மா. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே டிராஃபிக் ஜாம்.

மூடுகல்லை நகர்த்தினார்கள். எட்டிப் பார்த்தேன். தொழில் பழக்கம். உள்ளே சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தது. குடிபோகிற வீட்டுக்கு அடிப்பது மாதிரி. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

லில்லியம்மாவை இறக்குவதற்கு முன்னால் சார் சிரமப்பட்டுக் குனிந்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நடுச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் டீச்சர். பிறகு நிமிர்ந்து, “ஆகட்டும் ஐயா” என்றார் போதகரிடம்.

அவ்வளவுதான். மண் விழுகிற சத்தத்துக்கு எல்லா மதத்திலும் ஒரே அர்த்தம்.

மறுநாள் ஈஸ்டர். அவர்கள் சபையில் விடியற்காலை ஆராதனையைக் கல்லறைத் தோட்டத்திலேயே நடத்துவார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. ஸ்கூட்டர் என்னுடையது என்பதால் போனேன்.

எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி. வெள்ளையடித்த வாசனை. போதகர் உரக்கச் சொன்னார், “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!” கூட்டம் பதில் சொன்னது, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!” சாரின் வாய் அசைந்தது. குரல் வந்த மாதிரி தெரியவில்லை.

ஷீபா சாமந்திப் பூ கொண்டுவந்திருந்தது. அம்மாவுக்குப் பாதி வைத்துவிட்டு, சாரைப் பார்த்தது. 

“டீச்சருக்கும் வைக்கட்டுமா அங்கிள்?”

“வைம்மா. அவளுக்கு சாமந்தி பிடிக்காது. இருந்தாலும் வை.”

கூட்டம் கலைந்தது. சார் உட்கார இடம் தேடினார். வழக்கமாக உட்காருகிற இடத்தில் இப்போது உட்கார முடியாது. கல்லறைக்குக் கால்மாட்டில் நின்றுகொண்டார். 

“என்ன சார், மனசு லேசா இருக்கா?” என்றேன். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று எல்லோரும் எழுதுகிறார்களே.

“இல்ல சார். பாரமாத்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் ஒரே நெனப்பு. அவ எழுந்து பக்கத்துல திரும்பிப் பாப்பா. வேற யாரோ இருப்பாங்க. எங்க அந்த ஆளுன்னு தேடுவா. எனக்கு எந்த ஊர் எல்லையில குழி வெட்டுவாங்களோ...”

மெழுகுவர்த்தி ஒன்று காற்றில் அணைந்தது. அவர் அதை ஏற்றப் போகவில்லை.

“ஒண்ணு சொல்லட்டுமா சார்? அவ போனப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இதே இடத்துல நின்னு, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்னு சத்தமா சொன்னேன். வாய்தான் சொல்லிச்சு. எனக்கு அது அவ்ளோ அவசியமாவே இல்ல.”

“ஏன் சார்?”

“எப்படியும் அவ பக்கத்துலதானே படுக்கப்போறோம்னு இருந்தேன். எழுந்தா சந்தோஷம். எழலன்னாலும் ஒண்ணும் கம்மியில்ல. ரெண்டு பேரும் சேந்து கிடப்போம், அது போதும்னு இருந்தேன். காலியா ஒரு குழி இருந்துச்சு பாருங்க, அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“இப்ப?”

“இப்ப அவளை நான் பாக்கணும்னா, அந்த உயிர்த்தெழுதல் நெஜமா இருந்தாத்தான் சார் உண்டு. வேற வழியே இல்ல.”

மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. கல்லில் அவர் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அவர் இல்லை.

சர்வீஸில் இருந்தவரை, எதற்கும் நான் அவ்வளவு எளிதில் சிபாரிசு செய்ததில்லை. இதற்குச் செய்கிறேன் — மேலே யார் இருந்தாலும் சரி, அது நிஜமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.