மைதானத்தில் விரித்த பள்ளிவாசல் சீலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தயங்கினேன். நோன்பு மாதம் வரும்போதெல்லாம் எழுத உட்கார்ந்து, பேனையை மூடி வைத்திருக்கிறேன். மௌத்தாகிப்போன என் கணவரை ஊர் நல்லவிதமாகத்தான் பேசுகிறது. ஆனால் அந்தப் பேச்சில் உண்மை இல்லை. அல்லாஹ்வுக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

பெருமழையில் எங்கள் ஊரிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் வீதி சரிந்து போனது. மறுநாள் காலை அவருக்கு நெஞ்சு வலி. கிளினிக்குக்குக் கொண்டு போனோம். அடுத்த கட்டிலில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கும் பெண் ஒருத்தி கிடந்தாள். பிள்ளை பிறந்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை. மிட்வைஃப் மிஸ் அம்பியுலன்ஸுக்குப் போன் எடுத்தார். சரிவைத் தாண்ட வழியில்லை, ஹெலிகொப்டர் அனுப்புகிறோம், இறங்க அடையாளமாக மைதானத்தில் வெள்ளைத் துணி விரித்து, பறக்காமல் கல் வையுங்கள் என்றார்கள்.

அவ்வளவு பெரிய வெள்ளைத் துணி பள்ளிவாசலில்தான் இருந்தது. இறந்தவர்களின் மையத்துகளுக்குப் போர்த்த வாங்கி வைத்த கபன் சீலை.

"மையத்துச் சீலைய உசுரோட இருக்கிறவங்களுக்கு விரிக்கிறதா?" என்று அவருடைய கூடப்பிறந்த மூத்த நானா தயங்கினார்.

"உசுரோட இருக்கணும்னுதானே விரிக்கிறோம். தூக்குங்க!" என்றார் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸரத்.

இரண்டு பேரையும் பாடசாலை வாங்குப் பலகைகளில் கிடத்தி மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். சீலையைப் பார்த்ததும் என் கணவர், "நானா, அவசரப்பட்டு எனக்கு அளந்துடாதீங்க" என்றார். அந்த வலியிலும் பகிடி.

மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும்போதே மிட்வைஃப் மிஸ்ஸின் போனில் ஆஸ்பத்திரி டொக்டர் பேசினார். படுத்த நிலையில் ஒருவரைத்தான் ஏற்றலாமாம்.

"ஐயா பேசுறாரா?" என்று கேட்டார்.

"பேசுறாருங்க" என்றேன் நான்.

"அப்ப அந்தப் பொண்ண மொதல்ல எடுக்கிறோம்மா. ஆபரேஷன் இல்லாட்டி அவ தாங்க மாட்டா. மேகம் விட்டா திரும்பி வருவோம்."

அவளை ஏற்றினார்கள். பச்சைப் பிள்ளையோடு அவளுடைய அம்மா தள்ளி நின்றாள். அவர் என் கையை இறுக்கினார். "புள்ள, என்னையும் ஏத்தச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு" என்று ஹெலிகொப்டர் பக்கம் கையை நீட்டினார். நான் ஓடிப் போய்க் கேட்டேன். உள்ளே இருந்தவர் தலையை ஆட்டி, கதவைச் சாத்தினார்.

பிறகு மலை முழுக்க மூடுபனி இறங்கியது. ஹெலிகொப்டர் வரவில்லை. பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்குக்குப் பிறகு அவர் பேச்சு நின்றது. கடைசி நேரத்துக் கலிமாவை நான்தான் அவர் காதில் சொன்னேன். மைதானத்தில் கிடந்த சீலையைச் சேறு போகக் கழுவி, அதிலேயே அவரைக் கபனிட்டோம். வேறு சீலை ஊரில் இல்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். அவளுடைய அம்மா, "ஐயா தன் எடத்தையே குடுத்துட்டு, கையக் காட்டிப் போகச் சொன்னாருங்க" என்று எல்லோரிடமும் அழுதாள். சத்தத்தில் அவளுக்குப் பேச்சு கேட்கவில்லை. கை மட்டும்தான் தெரிந்தது. பள்ளிவாசலிலும் அதையே சொல்லி அவருக்காக இறைவனிடம் துஆ கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

டொக்டரின் முடிவில் எனக்குக் குறை இல்லை. அன்று யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் கணவர் இடம் கொடுக்கவில்லை. வாழத்தான் ஆசைப்பட்டார், பயந்தார், கேட்டார். கேட்டும் கிடைக்காத மனுஷனைக் கொடுத்தவராக ஆக்கினால், அவருடைய கடைசிப் பேச்சு யாருக்கும் கேட்காமலே போய்விடும்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் பயந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.